புள்ளி

அறுபத்தொரு டையோடு.
கறுப்புக் கோடு எந்தப் பக்கம் என்று
வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப்
பற்றவைத்துக்கொண்டே வந்தேன்.

அம்மாபேட்டையில் மின்சாரம் போனால்
முதலில் சொல்வது பக்கத்து வீட்டு விசைத்தறி.
சத்தம் நின்றது. கையிலேயே ஆறிப்போனது
சால்டரிங் அயர்ன்.

மறுநாள் பலகையை லேப்டாப்பில் செருகினேன்.
அம்மாபேட்டை சரியாக விழுந்தது
(இரட்டித்தால் தமிழ்99 தானே புள்ளி வைத்துக்கொள்ளும்).
சேலம் மட்டும்
சேலம என்று
வாய் மூடாமல் நின்றது.

திருப்பி டார்ச் அடித்தேன்.
புள்ளி விசையின் கீழே
ஈயம் படாத ஒரு கால்.
ஒரே ஒரு சொட்டு. புகை கண்ணில் ஏறியது.
சேலம்.

"இதுக்கா மூணு வாரம்?" என்றாள் கோகிலவாணி.
சுட்டுக்கொண்ட விரலை மடக்கிக்கொண்டு
மற்றவற்றால் அடித்துக் காட்டினேன்:
ஆமாம்