ஒன்பது மணிக் கூரை

மாம்பழக்கூழ் ஆலையில் எனக்கு வேலை
எதையும் தொடாமல் அதன் சூட்டைச் சொல்வது.
கையில் ஒரு துப்பாக்கி.
அழுத்தினால் சிவப்புப் புள்ளி,
புள்ளி விழுந்த இடத்தின் எண்.
குளிர்கிடங்கு மைனஸ் பதினெட்டு,
கொப்பரை தொண்ணூற்றிரண்டு,
மேலாளர் நெற்றி, ஒருமுறை விளையாட்டாக, முப்பத்து நான்கு.

போன சித்திரையில் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
கிருஷ்ணகிரி பழையபேட்டை, கோட்டைமலைக்கு நேர் கீழே,
நெற்றியில் 1911 என்று சுதையில் எழுதி
இரு பக்கமும் மூக்குடைந்த கிளிகளோடு
நாங்கள் கடன் போட்டு வாங்கிய வீடு.

சுவரைச் சுட்டேன்: இருபத்தொன்பது.
இரண்டு முழம் கல்லும் மண்ணும்;
உள்ளே வரப் புறப்பட்ட வெயில்
பாதியிலேயே உட்கார்ந்துவிடும்.
தரை: இருபத்தெட்டு.
அண்ணாந்து, உத்திரங்களுக்கு நடுவே சுட்டேன்.
மாலை நான்குக்கு முப்பத்தெட்டு.
ஆறுக்கு நாற்பது.
இரவு ஒன்பதுக்கு, ஊரே ஆறிக்கொண்டிருக்கையில்,
நாற்பத்து மூன்று.

சீனிவாசுலு சொன்னான்:
"பொய்க்கூரை போட்டுவிடலாம்.
உங்கள் கிடங்கில் ஒட்டியிருக்கிறதே
அந்த வெள்ளைப் பலகை. இரண்டே நாள்."
போடலாம்தான்.
பலகைக்கு மேலே போய்விடும்
நாற்பத்தாறு தேக்கு உத்திரம்.
அதில் ஏழாவதில் எந்தத் தச்சனோ
கரியால் போட்டுப் பார்த்த கூட்டல் கணக்கு.
(கூட்டல் தப்பு. இரண்டு குறைகிறது.)
"ஒரு தப்புக் கணக்கைக் காப்பாற்றவா இத்தனை செலவு?"
"ஆமாம்" என்றேன்.
மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

திம்மராஜ் மாடியில் உளியால் தட்டிக்கொண்டே நடந்தார்,
சத்தம் மாறிய இடத்தில் நின்றார்.
"வீட்டு மேல தப்பில்லீங்க.
யாரோ சிமெண்டப் போட்டு மூடிட்டாங்க.
கீழ சுண்ணாம்பு மூச்சுமுட்டிக் கெடக்குது."
பெயர்த்தெடுக்கப் பன்னிரண்டு நாள்.
அடியில் ஒரு சோடா மூடி கிடைத்தது.

பிறகு பாலக்கோட்டிலிருந்து டெம்போவில் பானைகள்,
நானூறு, உடைந்தது போக முந்நூற்று எழுபது.
வரிசையாகக் கவிழ்த்து
இடுக்கில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்து
மேலே வெள்ளை ஓடு.
ஒவ்வொரு பானைக்குள்ளும் ஒரு பானை காற்று,
அசையத் தெரியாத காற்று.
பலகைக்காரன் விற்பதும் அதைத்தான்,
நுரையில் அடைத்து, சதுர அடிக் கணக்கில்.

இந்தச் சித்திரை. இரவு ஒன்பது.
முப்பத்திரண்டு.
நம்பாமல் மறுபடி சுட்டேன். முப்பத்திரண்டு.
சீனிவாசுலு தூக்கத்தில் போர்வை தேடினான்.
கிளிகள் அப்படியே. உத்திரம் அப்படியே.
கரிக்கணக்கு இன்னமும் இரண்டு குறைவாகவே.

பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது:
யாருமே மாடிக்குப் போகவில்லை.

முன்பெல்லாம் கூரை துரத்தும்,
பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறுவோம்.
கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரஹமத்பீ,
அவளை அவள் கூரை துரத்தியிருக்கும்.
அங்கிருந்து வெள்ளரிப் பிஞ்சு வரும்,
இங்கிருந்து ஆலையில் கழித்த பழம் போகும்.
முறுக்கிக்கொண்டு போன அவள் தம்பியின் கதை
ஓசூர் பேருந்து நிலையம் வரை வந்து
போன கோடையோடு நின்றுபோயிருந்தது.
காப்பாற்ற வேண்டியவற்றைப் பட்டியல் போட்டபோது
இதை நான் எழுதவில்லை.

நேற்று, வேலை இருப்பதுபோல், துப்பாக்கியோடு ஏறினேன்.
எங்கள் ஓடு: முப்பது.
அவள் மாடி: நாற்பத்தொன்று.
கோட்டைமலை, ஒன்பதரைக்கும், முப்பத்தொன்பது.
வானத்தைச் சுட்டேன்.
கருவிக்கு எட்டவில்லை; "லோ" என்று மட்டும் காட்டியது.

"என்னடி, நிலாவுக்குக் காய்ச்சலா?"
என்றது அந்தப் பக்க இருட்டு.
"உன் வீடு குளுந்து போச்சாமே.
இனி வரமாட்டேன்னு நெனச்சேன்."

பாய் கொண்டுவரவில்லை. ஓட்டிலேயே உட்கார்ந்தேன்.
தம்பியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் கேட்டாள்:
"அந்தப் பானை, ஒண்ணு என்ன வெல போட்டான்?"

சொன்னேன்.
இரண்டு ரூபாய் கூட்டித்தான் சொன்னேன்.