நண்டு வளை

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்:
தேதி, நீர்மட்டம், மடை, கரை, கையொப்பம்.
கரை என்ற கட்டத்தில்
'நன்று' என்று எழுதிவிட்டுத்தான்
காலை டீயே குடிப்பேன்.
கரையை நடந்து பார்ப்பதில்லை.
பசுமலையில் புறப்பட்டு
திருமங்கலம் ரயில்வே கேட்டில் சிக்கி
சாத்தனேந்தல் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும்.
ஒன்றேகால் கிலோமீட்டர் கரை,
இரண்டு பக்கமும் கருவேல முள்.
அது எங்கே ஓடிவிடப் போகிறது?

நான் கெட்டவனல்ல,
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
குடிப்பதில்லை. காணிக்கைக் கவர் தவறியதில்லை.
அறுப்பின் பண்டிகையில்
பூசணிக்காயை நானே ஏலம் விட்டு
நானே எடுத்த வருஷமும் உண்டு.
ஆலயத்தில் மூன்றாவது பெஞ்சு,
மின்விசிறிக்கு நேர் கீழே.
பெயரே மாசிலாமணி.

ஜெபமா?
கல்யாணமான புதிதில் அரைமணி நேரம்,
முழங்காலில் பாயின் கோடு பதிந்திருக்கும்.
மகள் பிறந்தபின் பத்து நிமிஷம்.
பிறகு ஸ்கூட்டரில், திருநகர் சிக்னலில்,
சிவப்பு எத்தனை நொடியோ அத்தனை.
பிறகு
சிக்னலில் போன் பார்க்கலாம் என்று ஆயிற்று.
எந்த நாளில் நின்றது?
சொல்லத் தெரியவில்லை.
சண்டை போட்டு விலகியிருந்தால்
தேதியாவது நினைவிருக்கும்.

கறுப்பு உறை
பீரோவின் மேல், கரண்ட் பில்களுக்கு அடியில்.
ஜிப்பில் ஒரு சின்னச் சிலுவை தொங்கும்.
லில்லிபுஷ்பம் வாரம் ஒருமுறை தூசி தட்டுவாள்.
நன்று.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை.
கண்மாய் மறுகால் பாய்கிறதென்று
ஊர் வெடி போட்டது.
அன்றிரவு ஒன்றே முக்காலுக்கு
மொக்கைச்சாமி போன் அடித்தார்.
"சார், வெளிப்பக்கம் கசியுது.
கலங்கலா வருது சார்."

தெளிந்த கசிவென்றால் தூங்கலாம்.
கலங்கல் என்றால்
உள்ளே மண் கரைகிறது.

மணல் மூட்டை, வைக்கோல்,
டார்ச் வெளிச்சத்தில் இருபது ஆள்.
இடுப்பளவு சேற்றில் இறங்கிக்
கைவிட்டுத் துழாவினேன்.
இத்தனை வெள்ளமும் செய்யாததை
ஒரு நண்டு செய்திருந்தது:
பெருவிரல் நுழையும் வாய்,
என்றோ தோண்டியது.
என் முழங்கை வரை உள்ளே போயிற்று.
கோடையில் ஒரு கூடை களிமண் போதும்.
நடந்திருந்தால்
காலே காட்டிக் கொடுத்திருக்கும்.

அடைத்து முடிக்க ஐந்து மணி.
மொக்கைச்சாமி பீடி பற்றவைத்தார்.
"எத்தன நாளாச்சு சார்,
இந்தப் பக்கம் நீங்க வந்து?"
திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.
கரைக்குக் கீழே நாற்பது வீடுகள்,
ஒன்றில் மட்டும் அடுப்பு வெளிச்சம்.
கேட்டது அவர்தானா என்று
ஒரு கணம் எனக்குச் சந்தேகம்.

போன மாதம்
தூர்வாராத வாய்க்காலைத்
தூர்வாரியதாகக் கையெழுத்துக் கேட்டார்கள்.
போட்டேன்.
கவரை வாங்கவில்லை என்பதில்
கொஞ்சம் பெருமைகூட இருந்தது.
கை நடுங்கவில்லை.
ஒருகாலத்தில்
பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இறங்கிவிட்டதற்கு
இரவெல்லாம் தூங்காத கை இது.
நடுங்கவில்லை.
அதுதான் கலங்கல்.
ஆண்டவரே,
கரை உடைவதற்கு
உம்மை நான் மறுதலிக்கவே வேண்டியதில்லை போலிருக்கிறது.
வராமல் இருந்தாலே போதும்.

சேற்றுக் காலோடு பீரோவை எட்டினேன்.
பில்கள் சரிந்து கொட்டின.
ஜிப் அசையவில்லை,
பச்சை பூத்துப் பற்கள் ஒட்டிப்போயிருந்தன.
லில்லிபுஷ்பம் எதுவும் கேட்கவில்லை.
கரண்ட் போனால் ஏற்றுகிற
மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து நீட்டினாள்.
தேய்த்தேன்.
மூன்று பல் நகர்ந்தது,
மறுபடி நின்றது.
மறுபடி தேய்த்தேன்.

பதிவேட்டில் இன்றைய கட்டம்
இன்னும் காலி.
மழை விடவில்லை.