சுழி

இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில்
எனக்கு மணிக்கு ஒரு டாலர் கூலி.
கீட்டோவிலிருந்தும் அன்டோஃபகஸ்டாவிலிருந்தும்
விமானத் தபாலில் நாடாச் சுருள்கள் வரும்.
அவை முனகுவதைப் பேனா காகிதத்தில் கிறுக்கும்,
கிறுக்கியதை நான் எண்ணுவேன்.
நொடிக்கு முப்பது. நொடிக்கு இருபத்தெட்டு.
வெளியே அயோவா நதியில் பனிக்கட்டி உடையும் சத்தம்.

தென் அமெரிக்காவுக்கு மேலே
செயற்கைக்கோள் உயர ஏறிய நேரம்
கோடு படுத்துவிட்டது.
சுழி.
அடுத்த நொடியும் சுழி.
பள்ளியில் தண்டனை எழுதுவதுபோல்
பென்சில் மழுங்க மழுங்கப் போட்டேன்,
பதினைந்து நிமிடத்துச் சுழிகள்.

"கருவி செத்துப்போச்சு" என்றார் டுவேன் ஹோல்கர்சன்.
செத்தது, கீழே இறங்கியதும்
எப்படி மறுபடி முப்பது சொல்கிறது?
கேட்டேன்.
அவர் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்
அதே ஜாதி உதிரிக் குழாயை நிறுத்தினார்கள்.
கதிரைக் கூட்டக் கூட்ட எண்ணிக்கை ஏறியது,
தடதடத்தது, பிறகு திக்கியது.
இன்னும் கூட்டினார்கள்.
வாயடைத்து நின்றது.

மேலே ஒன்றும் இல்லாததால் அல்ல;
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
மூச்சு விட இடமில்லாததால்.

பூமியின் காந்தம் பிடித்துவைத்த துகள்கள்
கண்ணுக்குத் தெரியாத கோடுகளைச் சுற்றிச் சுற்றி
வடக்கே ஓடி, முட்டித் திரும்பி,
தெற்கே ஓடி, அங்கும் முட்டி,
பட்டி திறக்காத மந்தை.
அப்படியானால் நான் எழுதியது தப்பில்லை.
சுழிதான்.
ஆற்றில் காலை வைத்தவனை
உள்ளே இழுக்குமே, அந்தச் சுழி.

பழைய தாள்களையெல்லாம் திரும்ப எடுத்து
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அதற்கும் மணிக்கு ஒரு டாலர்தான்.

அண்ணன் லாடிஸ் கொரியாவிலிருந்து வந்து
ஐந்து வருடம் ஆகிறது.
அங்கே எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும்
"ஒண்ணுமில்லை" என்பான்.
நாங்களும் அதை அப்படியே குறித்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி
நேரே கொட்டகைக்குப் போனேன்.
பன்றிகளுக்குத் தீனி சுமந்துகொண்டிருந்தான்.
வாளியின் பிடியில் பாதியை
நான் பற்றிக்கொண்டேன்.
கம்பி சில்லென்றிருந்தது.
"என்ன?" என்றான்.
"ஒண்ணுமில்லை" என்றேன்.