அரை சோப்பு

ஒன்பதாம் நம்பர் அறை சௌந்தரராஜன் சார்
இறந்தது இரண்டே முக்காலுக்கு.
ஐப்பசி மழை. கரண்ட் இல்லை.
சளி எடுக்கும் மெஷின்
ஆவணியிலிருந்தே ரிப்பேர்.
விரலால்தான் வழித்தேன்.
ரத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது.
என் மணிக்கட்டைப் பிடித்திருந்தவர்
விட்ட பிறகும்
நாலு விரல் தடம் விடவில்லை.

முதலாளி வாசலோடு நின்றார்.
"தீட்டோட சமையல்கட்டுப் பக்கம் போயிடாதே,
தலைக்கு ஊத்திக்கிட்டு வா."
அரை சோப்பு கொடுத்தார்.

விடிந்ததும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.
துக்கமில்லை,
மெஷின் பற்றி மகனிடம்
வாய்விட்டேனா என்று.
எழுதி வைத்திருந்த தாளில்
'தவமணி, ஆயா' என்று போட்டேன்.
எழுத்து அவர் கையெழுத்து மாதிரி
கோணிக்கொண்டு போனது.

டொராண்டோ மகனுக்குப்
பதிமூன்று நாள் லீவாம்.
எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் போனது,
ஜெசிந்தா நின்றுவிட்டாள்.
சம்பளக் கவரில்
பெட்ஷீட் இரண்டு, தலையணை ஒன்று
பிடித்தம்.

இன்று கடைமுழுக்கு.
மாயவரமே துலாக்கட்டத்துக்குப் போகிறது,
ஜன்னல் வழியே ஈரத்துணியும் விபூதியுமாகத்
திரும்பி வருகிறது.
ஒன்பதில் இப்போது
குத்தாலத்திலிருந்து ஓர் அம்மா.
குழைத்த சாதம் ஊட்டுகிறேன்.
அவர் லேசாக இருமினால்
என் ஸ்பூன் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

"ஏன்டி நடுங்குறே,
என்னாச்சு உனக்கு?"

ஒரு மாதத்தில்
கேட்ட ஒரே ஆள்.
சொன்னேன். மெஷின், ரத்தம், விரல், எல்லாம்.
கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு
"நீ யாரு?" என்றார்.

வாயைத் துடைத்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.