இல்லாததின் விலை

பரந்தன் சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே
தவரூபனின் கராச்.
தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நிற்கின்றன,
ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி.
அதே இரட்டைச் சிலிண்டர், அதே இருநூற்று ஐம்பது,
அதே நீலம்.

ஒன்று றோட்டுக்கு.
மற்றது பந்தயத் தடத்துக்கு.

தடத்துக்கானதில் லைற் இல்லை, கண்ணாடி இல்லை,
சிக்னல் இல்லை, ஹோர்ன் இல்லை,
நம்பர் தகடு பூட்ட இடமே இல்லை.
பின்னிருக்கை இருந்த இடத்தில்
குளவியின் வால் மாதிரி ஒரு கூர்.
விலை மட்டும் ஒன்றரை லட்சம் கூட.

"கழட்டினதுக்கு ஏன் காசு?"
"பாரம் குறையக் குறையத்தான் அக்கா விலை ஏறும்"
என்றான், பெற்றோலில் கை கழுவியபடி.

சாவியைத் திருப்பினான்.
ஒரு பிஸ்டன் ஏற மற்றது இறங்கும்,
ஒரே கப்பியில் இரண்டு வாளி கட்டின மாதிரி.
கூரையில் இருந்து கரல் கொட்டுண்டது.
என் உடம்பு முழுக்க
ஓம் என்றது.

நானும் தடத்தில்தான் வேலை செய்கிறேன்.
பச்சிலைப்பள்ளிப் பக்கம்.
ஒரு மீற்றர் அகலம், இரு பக்கமும் நூல்,
சிவப்புத் தலைக் குச்சிகள்.
முழங்காலில் நின்று கருவியை ஆட்டி,
அது கத்தினால் மண்ணை மெல்லமாய்ச் சுரண்டி.
ஆணி. தகரம். சோடா மூடி.
ஒருநாள் ஒரு கரண்டி, வளையாமல்.
எப்போதாவது
அது.

தை தொடக்கம் நான் முழங்காலில் போன தூரம்
ஒரு கிலோமீற்றரும் கொஞ்சமும்.
தவரூபனின் நீலம்
இருபத்தைந்து செக்கனில் போய்விடும்.

அதனால் தடத்துக்கானதில்தான் கை போனது.
ஒருத்தரும் விசில் ஊதி நிறுத்தாத,
ஒரே இடத்தை இரண்டு தரம் பார்க்கத் தேவையில்லாத
ஒரு தடம்.

எங்கே இருக்கிறது அது?
லொறியில் ஏற்றித் தெற்கே எட்டு மணித்தியாலம்
கொண்டுபோக வேணும், ஒரு நாள் ஓட்டத்துக்கு.
மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு
உழப் போகிற மாதிரி.

இங்கே இருப்பது றோட்டு.
அறுவடை என்றால் பாதியில் நெல் காயும்.
பொழுதுபட்டால் மற்றப் பாதியில் மாடு படுக்கும்,
பகல் முழுக்கச் சூடு குடித்த தார்
அதுகளுக்கு மெத்தை.

"பின்னுக்கு ஆர் ஏறப் போகினம்?"
தவரூபன் சும்மாதான் கேட்டான்,
உடுப்புத் தைக்கிறவன் அளவு கேட்கிற மாதிரி.
ஆள் ஏறினால் பின் ஸ்பிறிங்கை இறுக்கவேணுமாம்.

சுபோதினி, சம்பள நாளில், கிளிநொச்சி மட்டும்.
மச்சாளின் பெடியன், லீவுக்கு வந்தால்.
ஒரு மூட்டை அரிசி.
அதுக்குப் பிறகு சொல்ல
ஒரு பேர் வாயில் வரவில்லை.

"இறுக்க வேண்டாம். இருக்கிற மாதிரி விடு."

றோட்டுக்கானதுக்குக் கையெழுத்து வைத்தேன்,
நாற்பத்தெட்டு மாதம் லீசிங்.
பாவிக்காத இருக்கைக்கும் சேர்த்து வட்டி.
"ஒரு கண்ணாடியையாவது கழட்டிவிடு தம்பி,
அதுக்கு நான் கூடக் காசு தாறன்" என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

முதல் மூன்று கிலோமீற்றர்
வைக்கோல் ஏற்றின லான்ட்மாஸ்ரருக்குப் பின்னால்,
இருபதில், வாயெல்லாம் தூசு.
விசுவமடு தாண்ட றோட்டு வெறிச்சிட்டது.

எண்பது. நூறு. நூற்றிப்பத்து.
முழங்கால் இரண்டும் தாங்கியை இறுக்கிப் பிடித்தன.
அவை மண்ணில் படாமல் போன
ஒரு கிலோமீற்றர்.
பிறகு இன்னொன்று.

பிறகு மாடு.

பிறேக் பிடித்தது. மாடு எழும்பவில்லை.
லைற் வெளிச்சத்தில் கண் இரண்டும் பச்சையாய் மினுங்க
அசை போட்டபடி என்னைப் பார்த்தது.
ஹோர்ன் அடிக்கலாம்.
அடிக்கவில்லை.
இரண்டு சிலிண்டரும் மாறி மாறி மூச்சு விட
கால் ஊன்றி நின்றேன்,
அது எழும்பட்டும் என்று.