நூற்று இருபத்தொன்று

இரவு இரண்டே கால்.
எப்சிபா சிஸ்டர் கொண்டுவந்த குழாயில்
அரை மில்லி ரத்தம்.
தாளில் ஒட்டியிருந்தது: பேபி ஆஃப் புஷ்பலீலா.
ஆண். வயது பதினெட்டு மணி நேரம்.
தனக்கென்று பெயர் வராதவன்,
அம்மாவின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு
ஊட்டி ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு வந்திருக்கிறான்.

சேரம்பாடியில் பிறந்து
ஏழு நிமிடம் அழவில்லை.
எட்டாவது நிமிடம் வந்ததை
அழுகை என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை.
நடுவட்டத்தில் லாரி ஒன்று குறுக்கே நிற்க,
பைக்காராப் பனிக்குள் நூற்றெட்டு வண்டி
நாய்போல மோந்து மோந்து வழி கண்டதாம்.

இதெல்லாம் சிஸ்டர் சொன்னது.
எனக்கு எண்கள் மட்டும்தான்.

சோடியம் 121.
கால்சியம் 6.2.
பொட்டாசியம் 7.4.

ஏழு புள்ளி நாலென்றால்
இதயம் எந்த நொடியும் தாளம் மறக்கலாம்.
டாக்டர் நிஹ்மத்துல்லாவை எழுப்பிச் சொல்லிக்கொண்டே
குழாயை விளக்கில் தூக்கிப் பார்த்தேன்.
மேலே நிற்கும் நீர்
வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும்.
இளஞ்சிவப்பு.
குதிகாலைப் பிழிந்து எடுத்தது.
உடைந்த அணுக்கள் வழியில்
தம் மடியைக் கொட்டிவிட்டன.
பொய்யாக இருக்கலாம்.
மூச்சு முட்டிய சிறுநீரகம்
கதவடைத்துக்கொண்டது
உண்மையாகவும் இருக்கலாம்.

"இன்னொண்ணு வேணும் சிஸ்டர்."
"அவன்கிட்ட இருக்கறதே
ஒரு டம்ளர் சார்."

வாசலில் யோகராசா. எஸ்டேட் பூட்ஸ்.
கணுக்காலில் அட்டை கடித்த இடம்
இன்னும் நிற்காமல் கசிந்தது,
நான் கேட்கும் அரை மில்லிக்கு மேலிருக்கும்.
"உப்பு கொறஞ்சிருச்சாமே"
என்று சட்டைப்பையிலிருந்து
துணிமுடிச்சை எடுத்தார்.
அட்டையை உதிர்க்க வைத்திருக்கும் கல்லுப்பு.

எப்படிச் சொல்வேன்.
உப்பு எங்கும் போகவில்லை அண்ணா,
நீர்தான் போகாமல் தங்கிவிட்டது.
அடிபட்ட மூளை
விடாதே, விடாதே, ஒரு சொட்டும் விடாதே என்று
தப்பான சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது.
உப்பு போட்ட ரசத்தில் யாரோ
இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாற்போல.

டாக்டர் சொட்டைக் குறைத்தார்.
கொடுப்பதல்ல, கொடுக்காதிருப்பது வைத்தியம்.
ஒரு தகப்பனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.
கால்சியம் மட்டும் கொடுத்தார்கள்,
மானிட்டரில் கண் வைத்து,
ஊசித்தண்டை எறும்பு நடையில் தள்ளி.
வெட்டி வெட்டி இழுத்த கை
விடிவதற்குள் அடங்கியது.

இரண்டாவது குழாய் தொப்புளிலிருந்து, பிழியாமல்.
வைக்கோல் நிறம்.
பொட்டாசியம் 5.3.
அப்பாடா என்று மூச்சு விட்டேன்.
விட்ட பிறகு கூச்சமாக இருந்தது,
எனக்கு அது அவ்வளவு சுலபமாக வருகிறது.

சோடியம் அதே 121.
அது பொய் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் 123. அப்புறம் 122.
மூன்றாம் இரவு போன் அடித்தது.
"பெஞ்சுட்டான் சார்!"
டயப்பரை நிறுத்துப் பார்த்தார்களாம்,
பதினாலு கிராம்.
என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
கை கழுவ வேண்டிய வேலை எனக்கு,
ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஆறாம் நாள் படிக்கட்டில் யோகராசா.
அவன் பார்ப்பானா, கேட்பானா,
பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு ஓடுவானா.
என் மெஷினில் அதற்குப் பட்டன் கிடையாது.
டாக்டரிடமும் இன்றைக்குக் கிடையாது.
நூத்தி முப்பத்தொண்ணு என்றேன்.
"நல்ல நம்பரா?"
"நேத்தைவிட நல்ல நம்பர்."

புஷ்பலீலாவிடம் சொல்ல மாடியேறினார்,
மறந்துவிடாமலிருக்க
ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை
நூத்தி முப்பத்தொண்ணு,
நூத்தி முப்பத்தொண்ணு என்றபடி.