இடப்பக்கம் நாலு விரல்

தரைதான் மட்டமில்லை என்று முதலில் நினைத்தேன்.
திருப்பி நிறுத்தச் சொன்னேன்.
திரும்பி நின்ற பிறகும்
இடப்பக்கம் நாலு விரல் தாழ்ந்தே நின்றது
ஜெயசீலன் சாரின் வீட்டு வண்டி.

சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்குப் பின்னால்
என் பட்டறைக்கு வருவதெல்லாம் கண்டெய்னர் டிரெய்லர்.
துறைமுக வரிசையில் மூன்று நாள் நின்று
டிரைவரின் தூக்கத்தையும் ஏற்றி வருபவை.
ஜன்னலுக்குத் திரை போட்ட டிரெய்லர்
இதுதான் முதல் தடவை.
படிக்கட்டில் மிதியடி, அதில் நல்வரவு.
இம்தியாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
அடியில் படுத்தான்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து,
அச்சில் இல்லை, சட்டத்தில் ஜாக்கி வைத்து,
ஸ்டாண்டு சொருகி ஒருமுறை உலுக்கினேன்.
உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டு நின்றது.
"மெதுவா" என்றார் பெர்னடெத் அம்மா.

அடியில் வேறு ஊர்.
எண்ணூர்க் காற்றின் உப்பு,
அனல்மின் சாம்பல்,
எர்ணாவூர்ப் பாலம் இறங்கும்போது தெறித்த சேறு,
எல்லாம் காய்ந்து ஸ்பிரிங் பட்டையோடு இன்னொரு பட்டை.
கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
ஷாக்கிள் தகட்டில் துளை தெரிந்தது.
வட்டமாய் வெட்டியது,
முட்டையாய்க் கிடந்தது.

வலப்பக்க போல்ட் ஒரு தட்டில் வந்தது.
இடப்பக்கம் டீசல் குடித்தது, அடி வாங்கியது,
அப்பவும் வரவில்லை.
இம்தியாஸ் அதன் பரம்பரையை விசாரித்த பிறகு
வந்தது. பாதிதான் வந்தது.
மீதி ஒரு பக்கமாகவே தேய்ந்துபோய்
மூன்றாம் நாள் பிறை.
நைலான் புஷ் இருந்த இடத்தில்
நகக்கண் நிறைய கறுப்புத் தூள்.

"இந்தப் பக்கம் என்ன சார் வச்சிருக்கீங்க?"

சார் மணலி ஆலையின் சுடரைப் பார்த்தார்,
பகலில் அதில் பார்க்க ஒன்றுமில்லை.
அம்மா அவரைப் பார்த்தார்.

நானே ஏறிப் பார்த்தேன்.
கட்டிலுக்கடியில், பழைய சேலை சுற்றி,
நைலான் கயிறு இரண்டு கட்டு,
கிரைண்டர்.
சாய்க்கிற மாடல் கூட இல்லை.
குழவியோடு ஐம்பது கிலோவுக்குக் குறையாது.

"வேளாங்கண்ணி போனோம், தரங்கம்பாடி போனோம்,
எங்கயும் கடை மாவு வாங்கலை."
கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரல் அம்மாவுக்கு.
"வேணாம்னு சொன்னேனா இல்லையா?"
"சொன்னீங்க. நாலு தோசை தின்னுட்டுச் சொன்னீங்க."

ஐம்பது கிலோவுக்கு இத்தனை தேய்மானம் கணக்கில் வரவில்லை.
வெளியே இடப்பக்கப் பெட்டியைத் திறந்தேன்.
ஃபேனுக்காக சார் வைத்த
இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் பெட்டியை மூடினேன்.

நடு ராக்கரில் முடி அளவு விரிசல், அதுவும் புதுசு.
பட்டை புதுசு, தகடு புதுசு, புஷ் இந்த முறை வெண்கலம்.
யு-போல்ட் பழசே போதாதா என்றார் சார்.
ஒருமுறை இழுபட்டது மறுபடி பிடிக்காது சார்,
பிடிச்ச மாதிரி காட்டும்.
அம்மா சட்டென்று சிரித்தார், ஏன் என்று தெரியவில்லை.
கிரீஸ் துளை பாரத்தைப் பார்க்காமல்
பக்கவாட்டில் பார்க்கும்படி போல்ட்டைத் திருப்பினேன்.
நேராய் அழுத்துகிற இடத்தில் எதுவும் உள்ளே போகாது.

டார்க் ஸ்பானர் கிளிக் என்றது, எட்டு முறை.
"நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க,
நட்டு மறுபடி இறுக்கணும்."

பழவேற்காடு போய்த் திரும்பி
ஞாயிறு சாயங்காலம் வந்தார்கள்.
கிரைண்டர் நடு அச்சுக்கு மேல் வந்திருந்தது.
கயிறு இப்போது நாலு கட்டு.
இடப்பக்கப் பெட்டி காலி,
பேட்டரி இரண்டும் வலப்பக்கம்.
யார் எடுத்து வைத்தது என்று
அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இம்தியாஸ் கையில் தூக்குச் சட்டி நிறைய மாவு,
பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அளந்தேன். அரை விரல்.
அது தரையாகவும் இருக்கலாம்.
படுத்து ஸ்பானர் போட்டேன்.
ஒவ்வொரு நட்டும்
இன்னும் கால் சுற்று ஏறியது.